செப்புத் தகடும் படைத்தலைவர் முகமும்

1791ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில், சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 18 மைல் தொலைவில், ஒரு பெரும்படை கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு புறப்பட்டது. ஆங்கிலேயர் ஏடுகள் அந்தப் பாளையத்தை வேலௌட் என்று குறிக்கின்றன. ஆவடி, பூவிருந்தவல்லி என்று இன்று நம் மேற்குப் புறநகர் விரிந்து முடியும் எல்லைக்கு அருகிலான நிலம் அது. படையின் தலைவர் கார்ன்வாலிஸ். பிறப்பால் உயர்குடியினர், பதவியால் தலைமை ஆளுநர், தலைமைப் படைத்தலைவர். பத்தாண்டுகளுக்கு முன், 1781 அக்டோபரில், அமெரிக்கப் புரட்சிப் போரின் யார்க்டவுன் களத்தில் தோற்றுப் படைக்கலங்களை ஒப்படைத்தவரும் அவரே. அன்று அவரை எதிர்த்து நின்ற படைத்தலைவர்களுள் லஃபாயெத் என்ற பிரெஞ்சுக் கோமகனும் ஒருவர். இப்போது எதிரே நிற்பவர் மைசூரின் திப்பு சுல்தான்.

அந்தப் படையோடு ராபர்ட் ஹோம் என்னும் ஓவியர் ஒருவரும் நடந்தார். அவ்வாண்டு ஜனவரியில்தான் அவர் சென்னைக் கரையில் வந்து இறங்கியிருந்தார். கோட்டைகள், மலைகள், படைத்தலைவர்கள் என்று கண்டதையெல்லாம் வரைந்தார். அவர் வரைந்த மைசூர்க் காட்சிகள் செப்புத் தகட்டில் செதுக்கப்பட்டு 1794இல் நூலாக வெளிவந்தன. போர்க்களத்தில் கையால் வரைந்த தாள் ஒன்றே ஒன்று. அது செம்பில் ஏறிய பிறகு நூற்றுக்கணக்கான தாள்களாகப் பெருகி, இலண்டன் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னும் செல்வர் வீட்டுச் சுவர்களிலும் இடம்பிடித்தது.

அமெரிக்கா 1776இல் விடுதலை கூவியது. பிரான்சு 1789இல் எழுந்தது. நம் தென்னாட்டுப் பாளையங்கள் 1799 முதல் 1801 வரை கொதித்தன. முடியும் குடியும் மோதிய அந்தக் காலத்தில்தான் வாளேந்திய உயர்குடியினரின் முகங்கள் முன் எப்போதும் இல்லாத அளவில் செப்புத் தகடுகளில் செதுக்கப்பட்டு உலகெங்கும் சென்றன. நாம் இன்று பாடநூல்களிலும் அருங்காட்சியகங்களிலும் காணும் பல முகங்கள் அவ்வாறு வந்தவையே. அந்த முகங்களை நாம் கண்ணாடியில் தெரியும் உருவம் போல் நம்பிவிடுகிறோம். அவை உலோகம், அமிலம், எண்ணெய், தாள், கைத்திறன், வாணிகம் ஆகியவை கூடிச் செய்த பொருள்கள். செய்முறையை அறிந்தவர்க்கு அந்தப் படங்கள் வேறொரு செய்தியையும் சொல்லும்.

முதலில் உலோகம். செம்பில் அணுக்கள் கனசதுர ஒழுங்கில் அடுக்கப்பட்டுள்ளன. கனசதுரத்தின் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் ஓர் அணு அமர்ந்திருக்கும். இந்த அமைப்பில் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்கும். ஆகையால் செம்பு உடையாமல் வளைகிறது, தட்டினால் விரிகிறது, கூரிய எஃகு பட்டால் சுருள் சுருளாக வழிவிடுகிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் அதன் இடம் 3. ஆனால் மிகவும் இளகிய செம்பு செதுக்குவோர்க்கு உதவாது. உளி இழுத்த இடத்தில் ஓரம் பிய்ந்து கிழியும். அக்காலத் தகடு செய்வோர் செம்பைச் சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்கினர். அடி விழ விழ அணு அடுக்குகளின் ஒழுங்கில் பிறழ்வுகள் பெருகும், பெருகிய பிறழ்வுகள் ஒன்றையொன்று தடுத்து நிறுத்தும், உலோகம் விறைக்கும். நெருப்பில் காய்ச்சினால் அந்தப் பிறழ்வுகள் தளர்ந்து செம்பு மீண்டும் இளகும். குடம் தட்டும் நம் கன்னார்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் அறிந்துவைத்திருந்த உண்மை இது. 20ஆம் நூற்றாண்டில்தான் அதற்கு அணுவளவில் விளக்கம் கிடைத்தது.

செதுக்கும் கருவி ஒரு சிறிய எஃகுக் கம்பி. குறுக்குவெட்டில் சதுரமாகவோ சாய்சதுரமாகவோ இருக்கும். நுனி சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். அதன் மரப்பிடி உள்ளங்கையில் பொருந்தும். மணல் அடைத்த தோல் மெத்தைமேல் தகடு கிடக்கும். நேர்கோட்டுக்குக் கை முன்னே தள்ளும். வளைகோட்டுக்குக் கை அசையாது நிற்க, மறுகை தகட்டைச் சுழற்றும். உளி ஆழ்ந்தால் பள்ளம் அகலும். அகன்ற பள்ளத்தில் மை மிகுதியாகத் தங்கும். தாளில் அக்கோடு கருமையாக விழும். ஒரே கோடு மெலிந்து தொடங்கி, நடுவில் பருத்து, மீண்டும் மெலிவது இதனால்தான். கன்னத்தின் வளைவும் மார்புக்கவசத்தின் பளபளப்பும் இந்தப் பருமன் மாற்றத்திலிருந்தே பிறக்கின்றன. கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி நிழலை அடர்த்தியாக்குவார்கள். அதன் பின்னும் அடர்த்தி போதாவிட்டால், பின்னலின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு புள்ளி குத்துவார்கள். இருநூறு ஆண்டுக்கு முந்தைய செதுக்குப்படம் ஒன்றைக் கைவில்லையின் கீழ் வைத்துப் பாருங்கள்: படைத்தலைவரின் தாடைக்கடியில் இருக்கும் நிழல் சிறு சிறு சாய்சதுரங்களாகப் பிரியும், ஒவ்வொன்றின் நடுவிலும் அந்தப் புள்ளி நிற்கும். அந்த ஒரு கையளவு முகத்துக்கு எத்தனை மாதங்கள் சென்றிருக்கும் என்று எண்ணும்போது, செதுக்கியவர்மீது எனக்கு எழும் மதிப்பு செதுக்கப்பட்டவர்மீது எழுவதில்லை.

உளிக்கு மாற்றாக அமிலமும் உண்டு. தகட்டின்மேல் மெழுகுப் பூச்சு. அதில் ஊசியால் கீறல். பிறகு நீர்த்த நைட்ரிக் அமிலம். மெழுகு காத்த இடம் தப்பும். கீறிய இடத்தில் அமிலம் செம்பைத் தின்னும். செம்பு காப்பர் நைட்ரேட்டாகி நீலப்பச்சையாகக் கரையும். எழும் நைட்ரிக் ஆக்சைடு வளி காற்றில் கலந்ததும் செம்பழுப்பு நிறம் பெறும். கீறலில் ஒட்டும் குமிழிகளைப் பறவை இறகால் தடவி விலக்குவர். விலக்காவிட்டால் அந்த இடம் அரிபடாமல் விட்டுப்போகும். மெல்லிய கோடு போதுமான இடங்களில் பூச்சுத் தடவி மூடிவிட்டு, மற்றவற்றை மீண்டும் அமிலத்தில் விடுவர். நேரமே அங்கு தூரிகை.

இனி, நம் ஊரில் யாரும் நேரில் காணக்கூடிய ஒன்று. அம்பத்தூரிலும் பூவிருந்தவல்லியிலும் பாத்திரக் கடைகளில் சீர்ப் பாத்திரம் வாங்கினால், 'பேர் வெட்டணுமா?' என்று கேட்பார்கள். முன்பு சிற்றுளியையும் சுத்தியலையும் கொண்டு புள்ளி புள்ளியாகத் தட்டுவார்கள். இன்று அதிரும் மின்கருவி அதே வேலையைச் செய்கிறது. குடத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் புள்ளிகள் மறைந்து கோடு தெரியும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டனை ஆட்கொண்ட புள்ளிச்செதுக்கல் முறைக்கும் இதுவே அடிப்படை. மனிதக் கண்ணின் பிரித்தறியும் திறன் ஏறத்தாழ ஒரு கோணத்துளி, அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. முப்பது சென்டிமீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 0.09 மில்லிமீட்டர். அதைவிட நெருங்கிய புள்ளிகளைக் கண் தனித்தனியாகக் காணாது. கருப்பையும் வெளுப்பையும் கலந்து சாம்பல் நிறமாக உணரும். 1764இல் இலண்டனுக்கு வந்த பார்த்தலோட்சி என்ற இத்தாலியர் இந்த முறையில் பெரும்புகழ் பெற்றார். அவர் பட்டறையில் பயின்ற ஸ்கியவொனெட்டி, வெந்திரமினி ஆகிய இத்தாலியர்களே பின்னர்த் திப்புவின் இறுதிப் போரைச் செம்பில் ஏற்றினார்கள்.

இவற்றினும் வியப்பான முறை மெசோடிண்ட். மற்ற முறைகளில் வெண்மையிலிருந்து கருமைக்குச் செல்வார்கள். இதில் இருளிலிருந்து ஒளியைச் சுரண்டி எடுப்பார்கள். நுண்பற்கள் கொண்ட வளைந்த எஃகு அலகைத் தகடெங்கும் பல திசைகளில் ஊஞ்சல் போல் ஆட்டி ஆட்டிச் செம்பு முழுவதையும் மயிர்க்கூச்செறியச் செய்வார்கள். அந்நிலையில் மையிட்டு அச்சிட்டால் தாள் முழுவதும் பட்டுப்போன்ற கருப்பு. பிறகு ஒளி வேண்டிய இடங்களில் பிசிறுகளைச் சுரண்டி வழவழப்பாக்குவார்கள். நெற்றி வெளுக்கும்; கண்ணில் ஒளி சொட்டும்; பின்னணியில் போர்ப்புகை சூழும்.

இந்த முறையைக் கண்டவர் லுட்விக் ஃபான் சீகன். ஆண்டு 1642. ஹெஸ்ஸே நாட்டு ஆட்சித்தலைவி அமேலியா எலிசபெத்தின் உருவமே அவர் முதலில் வெளியிட்ட படம். சீகன் ஒரு படை அதிகாரி. அவரிடமிருந்து இம்முறையை அறிந்து வளர்த்தவரோ ரைன் நாட்டு இளவரசர் ரூபர்ட். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் குதிரைப்படை நடத்திய புகழ்பெற்ற தளபதி. 1662இல் ஜான் ஈவ்லின் எழுதிய நூல் இந்தப் புதுமுறையை ஆங்கிலேயர்க்கு அறிவித்தது. உருகிய கண்ணாடித் துளியை நீரில் இட்டால் தலை சுத்தியலுக்கும் உடையாமல், வாலைக் கிள்ளினால் முழுதும் பொடியாகும் விந்தைப் பொருளுக்கும் அந்த ரூபர்ட்டின் பெயரே வழங்குகிறது. அறிவியல் மாணவர் பலரும் அவரை அந்தத் துளியால்தான் அறிவர். வாளேந்தியவர்களே வளர்த்த இந்தக் கலை, ஒரு நூற்றாண்டு கழித்து, வாளேந்தியவர்களின் உருவங்களைப் பரப்பும் தலையாய வழியாயிற்று. ஐரோப்பியர் அதை 'ஆங்கில முறை' என்றே அழைத்தனர். கருஞ்சிவப்பு மேலங்கியின் மடிப்பும் தோள்பட்டைக் குஞ்சமும் வெண்கல வாட்பிடியும் வேறெந்த முறையிலும் இத்தனை உயிரோடு வருவதில்லை.

ஆனால் அந்தப் பட்டுக்கருமைக்கு வாழ்நாள் குறைவு. செப்புத் தகட்டைச் சூடாக்கி, ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சிக் கரிகுழைத்த மையைத் தேய்த்து, மேற்பரப்பை வலைத்துணியாலும் இறுதியில் உள்ளங்கையாலும் துடைப்பார்கள். பள்ளங்களில் மட்டும் மை நிற்கும். தாளை முன்பே நனைத்து வைத்திருப்பார்கள். கந்தைத்துணியிலிருந்து செய்த தாளின் இழைகளுக்கிடையே நீர் புகுந்து அவற்றின் பிணைப்பைத் தளர்த்தும். இரு உருளைகளுக்கிடையே கடும் அழுத்தத்தில் செலுத்தும்போது, இளகிய தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையைக் கவ்வி வரும். ஒவ்வொரு அழுத்தத்திலும் செம்பு சிறிது நசுங்கும். உளியால் வெட்டிய கோடு ஆயிரக்கணக்கான படிகளுக்குத் தாங்கும். மெசோடிண்டின் நுண்பிசிறோ நூறு, இருநூறு படிகளுக்குள் தேயத் தொடங்கும். முதல் படிகளில் இரவாக இருந்த பின்னணி, பிந்தைய படிகளில் சாம்பலாக வெளிறும். ஆகவே ஒரே தகட்டில் பிறந்த இரு படங்களும் ஒன்றல்ல. 1820களில் எஃகுத் தகடுகள் வந்த பிறகே இந்தத் தடை நீங்கியது.

இன்னொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். அச்சில் இடம் வலமாகும். செதுக்குபவர் மூலப்படத்தைக் கண்ணாடியில் பார்த்துத் திருப்பிச் செதுக்கினால்தான் தாளில் நேராக வரும். காசுக்காக விரைந்து செய்தவர்கள் அந்த உழைப்பைச் செய்யவில்லை. வாள் இடப்புற இடையில் தொங்க வேண்டும், விருது விண்மீன் இடமார்பில் துலங்க வேண்டும். இரண்டும் வலப்புறம் நின்றால் அது படிக்குப் படியெடுத்த மலிவுப் படம் என்று கொள்ளலாம். படைவீரர் உருவங்களை ஆராய்வோர்க்கு இது மிக எளிய, உறுதியான சான்று.

இவ்வளவு உழைப்பும் பொறுமையும் வேண்டிய கலையை இயந்திரத்திடம் ஒப்படைக்க ஒருவர் முயன்றார். அவர் வெர்சாய் அரசவையின் இசைக்கலைஞர் ழில்-லூயி கிரெத்தியென். 1786 அளவில் அவர் அமைத்த கருவியின் பெயர் ஃபிசியோனோட்ரேஸ். 17ஆம் நூற்றாண்டில் கிறிஸ்டாஃப் ஷைனர் அமைத்த இணைகரப் படிக்கருவியே அதன் உயிர்நாடி. நான்கு கோல்கள் இணைகரமாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒரு முனை செல்லும் வழியை மறுமுனை அதே வடிவில் சிறிதாக்கியோ பெரிதாக்கியோ வரையும். ஒத்த முக்கோணங்களின் பக்கங்கள் ஒரே விகிதத்தில் இருக்கும் என்ற எளிய வடிவியல்தான். அமர்ந்தவரின் பக்கவாட்டு முகத்தைப் பார்வைக்குழலால் தொடர்ந்து முழு அளவில் வரைந்து, பிறகு அதை உள்ளங்கையில் அடங்கும் வட்டமாகச் சுருக்கிச் செம்பில் ஏற்றுவார்கள். அமர வேண்டிய நேரம் சில நிமிடங்களே. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் 'டை' செய்வோர்க்கு இந்தக் கோட்பாடு புதிதன்று; மூலவடிவைத் தொட்டுச் செல்லும் முனையும் வெட்டிச் செல்லும் முனையும் கொண்ட பேன்டோகிராஃப் எந்திரங்கள் உலகெங்கும் பட்டறைகளில் ஓடின. இன்று அந்த வேலையைக் கணினி வழி இயங்கும் சி.என்.சி. எந்திரம் செய்கிறது.

கிரெத்தியெனின் கருவி பரவிய மூன்றே ஆண்டில் புரட்சி வெடித்தது. 1789 பேரவை உறுப்பினர்களின் உருவங்கள் தொடர் தொடராகச் செதுக்கி விற்கப்பட்டன. அந்த அவையில் உயர்குடிப் பிரிவிலிருந்து வந்து அமர்ந்தவர்களுள் லாலி-தொலாந்தால் கோமகன் ஒருவர். அவருடைய தந்தையை நாம் அறிவோம். 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டவர், 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்றவர், 1761இல் புதுச்சேரியை இழந்தவர், 1766இல் பாரிசில் தலை வெட்டப்பட்டவர். தந்தைமீது விழுந்த பழியைத் துடைக்க மகன் ஆண்டுக்கணக்கில் போராடி, 1778இல் அத்தீர்ப்பு நீக்கப்படக் கண்டார். நம் கடற்கரையில் நடந்த ஒரு முற்றுகையின் எதிரொலி பாரிசுப் பேரவை வரை சென்றது.

அதே கருவி ஓர் உயர்குடி வீரரைக் கைத்தொழிலாளராகவும் ஆக்கியது. சேன்-மெமேன் என்பவர் பிரெஞ்சுக் காவற்படை அதிகாரி. புரட்சியில் உடைமை இழந்து 1793இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். வயிற்றுப்பாட்டுக்காகச் செதுக்கற்கலையைத் தானே கற்று, ஃபிசியோனோட்ரேஸ் ஒன்றை அமைத்துக்கொண்டு, எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களின் பக்கமுகங்களை எடுத்தார். 1804இல் அவர் முன் அமர்ந்தவர்களுள் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனும் ஒருவர். பிறகு நாடு திரும்பித் திழோன் நகர அருங்காட்சியகத்தின் காப்பாளராகி, 1852இல் மறைந்தார். உயர்குடிப் படைவீரரின் உருவம் தகட்டில் ஏறுவதையே கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கு அவர் கையில் உளி ஏறியது.

திப்புவும் இந்தப் பட உலகை அறியாதவர் அல்லர். 1787இல் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய அவருடைய மூன்று தூதர்கள் 1788 ஆகஸ்டு 10ஆம் நாள் வெர்சாயில் பதினாறாம் லூயியைக் கண்டார்கள். அவர்களுள் தர்வேஷ் கானை விஜே லெப்ரன் அம்மையார் ஆளுயர ஓவியமாகத் தீட்டினார். பாரிசுக் கடைகளில் தூதர்களின் அச்சுப்படங்கள் விற்றன. ஓராண்டுக்குள் அந்த நாட்டில் புரட்சி வெடித்தது.

அந்நாளில் படங்களுக்கு இருந்த பசிக்கு ஒரு தவறான அறிவியலும் தீனி போட்டது. 1775 முதல் 1778 வரை லவாட்டர் என்ற சூரிச் நகர்ப் பாதிரியார் முகக்குறி நூலைப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். நெற்றிச் சரிவிலும் மூக்கின் வளைவிலும் உள்ளத்தின் பண்பு எழுதியிருக்கிறது என்றார். ஆய்வு முறையில் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் தளபதியின் தாடை 'உறுதி' என்றும், பகைவனின் புருவம் 'கொடுமை' என்றும் செதுக்குவோர் கை பழகிவிட்டது. முகத்தை அளந்து மனிதனைத் தரம்பிரிக்கும் அந்தத் தீங்கு அடுத்த நூற்றாண்டில் இனவெறிக்கும் துணைபோயிற்று.

இந்தப் பின்புலத்தோடு 1792ஐப் பார்க்க வேண்டும். பிப்ரவரி 26ஆம் நாள், சீரங்கப்பட்டணத்துக்கு வெளியே, திப்புவின் இளம் மைந்தர் அப்துல் காலிக், மொய்சுதீன் ஆகிய இருவரும் பிணைக்கைதிகளாகக் கார்ன்வாலிசிடம் ஒப்படைக்கப்பட்டனர். பின்னர் அவர்களைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். 1794 வரை தந்தையிடம் அவர்கள் திரும்பவில்லை. இந்தக் காட்சி இலண்டனில் பெரும் விற்பனைப் பொருளாயிற்று. மாதர் பிரவுன், ஹென்றி சிங்கிள்டன் போன்றோர் இந்திய மண்ணை மிதிக்காமலே அதை வரைந்தனர். பிரவுன் வரைந்ததை டேனியல் ஓர்ம் 1793இல் செதுக்கி வெளியிட்டார். அப்படங்களில் கார்ன்வாலிஸ் அன்புத் தந்தையாகக் கை நீட்டுகிறார். யார்க்டவுன் தோல்வியைச் செம்பு துடைத்துவிட்டது. பிள்ளைகளைப் பணயம் வைத்து ஓர் அரசைப் பணிய வைத்த செயல், பரிவாக மாறிச் சுவரில் தொங்கியது. உடனிருந்து கண்டவர் ராபர்ட் ஹோம். அவருடைய ஓவியத்தின் ஓரத்தில் வரைதாள் உறையோடு அவரே நிற்கிறார். கண்ட ஓவியத்தையும் காணாத ஓவியங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் இந்த நிகழ்ச்சியை எழுதுவது வரலாறாகாது. சென்னையில் கார்ன்வாலிசுக்குத் தாமஸ் பேங்க்ஸ் வடித்த சலவைக்கல் சிலை கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் பீடத்திலும் இதே ஒப்படைப்புக் காட்சிதான் புடைப்புச் சிற்பமாக உள்ளது.

1799 மே 4இல் திப்பு வீழ்ந்தார். மறு ஆண்டே இலண்டனில் ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர் சீரங்கப்பட்டண முற்றுகையை 120 அடி நீளத் திரையில் ஆறு வாரத்தில் தீட்டிக் காட்சிக்கு வைத்தார். அவரும் இந்தியாவைக் கண்டவரல்லர். வெந்திரமினி அதை மூன்று பெரிய புள்ளிச்செதுக்குப் படங்களாக 1802, 1803 ஆண்டுகளில் வெளியிட்டார். இங்கே சென்னையிலோ, தாமஸ் ஹிக்கி என்ற அயர்லாந்து ஓவியர் போர் அதிகாரிகளையும் திப்புவின் மைந்தர்களையும் அரண்மனையைச் சேர்ந்தோரையும் நேரில் அமர்த்திக் கரியாலும் சுண்ணத்தாலும் வரைந்தார். ஏழு பெரும் வரலாற்று ஓவியங்கள் தீட்டத் திட்டமிட்டார், அவை உருப்பெறவில்லை. அவர் 1824இல் சென்னையிலேயே மறைந்தார். நேரில் பார்த்து வரைந்த முகங்கள் தாளோடு நின்றன. கற்பனையில் பிறந்த முகங்கள் செம்பில் ஏறி உலகைச் சுற்றின. என்னைப் பொறுத்தவரை, அக்காலப் பட வாணிகத்தின் பெருங்குறை இதுதான்.

மைசூர் அரசுக்கும் தன் வெற்றியைக் காட்டும் ஆவல் இருந்தது. 1780 செப்டம்பர் 10இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்த காட்சி, சீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரை நிறைக்கிறது. பெய்லி பல்லக்கில் அமர்ந்து விரலைக் கடிக்கிறார். திப்பு மலரை முகர்ந்தபடி செல்கிறார். எழுச்சியும் எள்ளலும் நிறைந்த பேரோவியம். ஆனால் சுவர் நகராது. அதைக் காண மாளிகைக்குப் போக வேண்டும். அந்த மாளிகையிலோ வென்ற ஆங்கிலேயப் படை அதிகாரி வெல்லெஸ்லி குடியேறினார். செம்பு நகர்ந்தது. திப்புவின் தந்தை ஐதர் அலியைக் குறித்து உடன்வாழ்ந்தோர் எழுதியபடி அவர் தாடியும் மீசையும் மழித்தவர். ஐரோப்பாவில் செதுக்கிய படம் ஒன்று அவருக்கு அடர்தாடி வைத்தது. இன்றும் நூல்களில் அந்தத் தாடி முகமே வலம்வருகிறது.

நம் பாளையக்காரர்களுக்கு அந்தத் தவறான தாடியும் வாய்க்கவில்லை. வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 ஜூன் 16இல் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்ட அறிக்கையில் சின்ன மருது எல்லாச் சாதியாரையும் ஒன்றுகூட அழைத்தார். அக்டோபர் 24இல் மருது உடன்பிறப்புகள் திருப்பத்தூரில் தூக்கிலேறினர். இவர்களும் படைநடத்திய உயர்குடியினரே. இவர்கள் காலமும் புரட்சிக் காலமே. ஆனால் இவர்கள் முன் எந்த ஓவியரும் தாளை விரித்து அமரவில்லை. எந்தச் செம்பும் இவர்கள் முகத்தை ஏற்கவில்லை. சொற்கள் மட்டும் சில எஞ்சின. எதிர்ப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தன் போர் நினைவுகளில், முன்னொரு நாள் தனக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுத்தந்த சின்ன மருதுவைப் பெருமதிப்போடு நினைவுகூர்கிறார். கட்டபொம்மனின் தம்பி, வாய்பேசாத ஊமைத்துரையின் மெலிந்த தோற்றத்தையும் எழுதுகிறார். நாம் இன்று கட்டபொம்மன் என்றதும் காணும் முகம், 1959இல் வந்த திரைப்படத்தில் சிவாஜி கணேசன் தந்த முகம். அந்த நடிப்பின் ஆற்றல் பெரிது. அது ஒரு நடிகரின் முகம் என்பதும் உண்மை.

செதுக்கற்கலை நம்மைவிட்டு எங்கோ இருப்பதும் அன்று. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளி, இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாகப் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலேயே நிற்கிறது, பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்பது அதன் இன்றைய பெயர். ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் நாள்தோறும் நகருக்குச் செல்வோர் எளிதில் சென்று காணக்கூடிய இடம். அச்சோவியம் அங்கு இன்றும் கற்பிக்கப்படுகிறது. கோட்டை அருங்காட்சியகத்தின் பழைய படங்களும் பொதுமக்கள் பார்வைக்கு உள்ளன.

ஆகவே நம் பாடநூற் குழுவினரிடமும் அருங்காட்சியகத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். கார்ன்வாலிஸ், திப்பு, ஐதர், கட்டபொம்மன், மருது என்று எவர் உருவத்தை அச்சிட்டாலும் அதன் கீழே ஒரு வரி சேருங்கள்: வரைந்தவர் யார், எந்த ஆண்டு, நேரில் கண்டு வரைந்ததா, பிற்காலக் கற்பனையா. படம் செதுக்கப்பட்டதாயின், செதுக்கியவர் பெயரையும் முறையையும் குறியுங்கள்; பழைய தகடுகளின் அடிவிளிம்பில் அந்தக் கைவினைஞர்கள் தங்கள் பெயரைத் தாமே பொறித்து வைத்திருக்கிறார்கள். நூலில் படத்தை வெட்டிச் சேர்க்கும்போது அந்த விளிம்பை வெட்டிவிடாதீர்கள்.